பெர்மனெண்ட் மாத்திரை

நாலு பேருக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன் என்று சொன்னால் அது பொய். என் மச்சான் தணிகாசலத்தின் மேல் இருக்கிற ஆத்திரத்தில் எழுத உட்கார்ந்தேன். நாலு பேருக்குப் பயன்பட்டால் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் காரணம் ஆத்திரம். அதை மறைத்துக்கொண்டு எழுதினால் எனக்குக் கை ஓடாது.

மச்சான் என்றால் என் மனைவி மலர்க்கொடியின் அண்ணன். நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸில் இருக்கிறார். சுரங்கத்தில் பெர்மனெண்ட் வேலை. நான் முத்தாண்டிக்குப்பத்திலிருந்து அதே சுரங்கத்துக்குத்தான் போகிறேன், கான்ட்ராக்டில். அவர் மெஷின் ஓட்டுவார். அந்த மெஷின் வெட்டிப்போட்ட கரி பெல்ட்டில் போகும்போது கீழே சிந்துவதை நான் வாரி மேலே போடுவேன். எங்கள் பக்கத்தில் ஒரு மனிதனைப் பற்றி விசாரிக்கிறவர்கள் முதலில் கேட்பதே பெர்மனெண்டா, கான்ட்ராக்டா என்பதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

எனக்குச் சர்க்கரை இருப்பது ஆரம்ப சுகாதார நிலையத்தில் தெரிந்தது. காலில் பட்ட ஒரு சின்னக் காயம் ஆறாமல் இழுத்துக்கொண்டே போனதால் காட்டப் போனேன். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வெள்ளையாக ஒரு மாத்திரை கொடுத்து, சாப்பிட்ட பிறகு போடச் சொன்னார்கள். மெட்ஃபார்மின் என்று பெயர். மாதாமாதம் போய் வாங்கிக்கொண்டு, நடந்து, டீயில் சர்க்கரையை விட்டு, ஒழுங்காகத்தான் இருந்தேன்.

இது மச்சானுக்குத் தெரிந்த அன்றைக்குத்தான் எனக்குச் சனி பிடித்தது.

அவருக்கும் சர்க்கரை, அவர் மனைவிக்கும் சர்க்கரை. வேலை பெர்மனெண்ட் என்பதால் இருவருக்கும் மருந்து இலவசம். டாக்டர் ஒரு மாத்திரையை மாற்றி வேறொன்று எழுதினால் பழையது மிஞ்சும். மிஞ்சியதை மச்சான் தூக்கிப் போட மாட்டார். ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார். ஞாயிற்றுக்கிழமை அவர் குவார்ட்டர்ஸ் வராந்தாவில் போய்ப் பார்க்க வேண்டும். சொந்தக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவருக்குத் தலைசுற்றல், ஒருவருக்கு முட்டிவலி, இன்னொருவருக்குச் சர்க்கரை. மச்சான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவைக் கிளறி ஆளுக்கு ஓர் அட்டை எடுத்துக் கொடுப்பார். எங்கள் சொந்தத்தில் அதற்குப் பெயரே பெர்மனெண்ட் மாத்திரை. கடையில் விற்பதை விட, அரசாங்கம் கொடுப்பதை விட அது வீரியம் கூடியது என்று எல்லோரும் நம்பினார்கள். யாரைப் பார்த்தாலும் சாப்பிட்டாயா என்று கேட்பதுதானே ஊர் வழக்கம்? அவர் மட்டும் "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்பார்.

என் வெள்ளை மாத்திரையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது சுண்ணாம்பு மாப்ள. இத முழுங்கிகினு இருந்தா சக்கர எறங்குமா? இந்தாங்க, இதப் புடிங்க. டெய்லி காலைல வெறும் வயித்துல ஒண்ணு. அதையும் போடுங்க, இதையும் போடுங்க."

பாதி பச்சை, பாதி வெள்ளையாக இருந்தது அந்த மாத்திரை. பார்க்கவே பணக்கார மாத்திரையாக இருந்தது. வாங்கிக்கொண்டேன். பெண் கொடுத்த வீட்டில் மூத்தவர் எடுத்துக் கொடுக்கும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

முதல் ஷிப்ட், அதாவது காலை ஷிப்ட் வாரத்தில் ஒன்றும் ஆகவில்லை. காலையில் மாத்திரை போட்டுவிட்டு, மலர் போட்ட சோற்றை அவசரமாகத் தின்றுவிட்டு ஓடினேன். அடுத்து நைட் ஷிப்ட் வந்தது. நைட் ஷிப்ட்காரனுக்குக் காலை என்பது எது, சொல்லுங்கள். சூரியன் உதிக்கும்போது நாங்கள் வீட்டுக்கு வருகிறோம். கை கால் கழுவிவிட்டுப் பாயில் விழுகிறோம். பசி தூக்கத்தோடு போய்விடும். மத்தியானம் எழுந்துதான் சாப்பாடு. மச்சான் வயதான பிறகு ஜெனரல் ஷிப்ட்டுக்கு மாறிக்கொண்டவர். அவருடைய காலை எப்போதும் இட்லியோடுதான் வரும். என் காலை பாயோடு வரும். இதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. காலையில் வெறும் வயிற்றில் ஒன்று என்று சொன்னார், முதல் நைட் முடிந்து வந்த அன்றைக்கு நானும் அப்படியே வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டேன். மலர் மூடி வைத்த பொங்கல் மூடியபடியே இருந்தது.

அதற்கு மேல் நடந்ததில் பாதிதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மீதியை மலர் சொல்லிக் கேட்டேன்.

கண் விழித்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மழையில் ஒழுகிவிட்டதோ என்று கூரையைப் பார்த்தேன். கை நடுங்கியது. எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. எழுந்து குழாயடிக்குப் போனேன். குழாயைத் திறக்கத் தெரியவில்லை. தினமும் திறக்கிற குழாய்தான், எந்தப் பக்கம் திருப்புவது என்று மறந்துவிட்டது. கோபம் கோபமாக வந்தது. சூப்பர்வைசர் பெயரைச் சொல்லிக் குழாயைத் திட்டினேனாம். வாளியை எட்டி உதைத்தேனாம். நாக்கு குழறியதாம். பிறகு அங்கேயே சரிந்துவிட்டேன்.

மலர் பயந்துபோய் அண்ணனுக்குப் போன் போட்டாள். அவரும் உடனே ஸ்கூட்டரில் வந்துவிட்டார். அதைக் குறை சொல்ல முடியாது. வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? என் வாயருகில் குனிந்து மோந்து பார்த்தார்.

"என்னம்மா, நல்லா ஊத்திகினு வந்துருக்காரு போல."

"அவுரு குடிக்க மாட்டாருண்ணே. உனக்குத் தெரியாதா?"

"கான்ட்ராக்ட் பசங்களோட நைட் ஷிப்ட் பாத்துட்டு வராரு. குடிக்காம என்னா பண்ணுவாங்க? வாட வரல. வேற எதையோ போட்டுகினு வந்துருக்காரு."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் அப்பா குடித்தே செத்தவர். இரத்த வாந்தி எடுத்து, வயிறு வீங்கி, என் மடியில் செத்தார். அன்றிலிருந்து நான் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. பெண் பார்க்கப் போனபோது இதே தணிகாசலம் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. குடிப்பீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். விசாரித்துப் பார்த்து, உண்மை என்று தெரிந்த பிறகுதான் தங்கையைக் கொடுத்தார். வேலை கான்ட்ராக்ட், வீடு ஓட்டு வீடு, நிலம் கிடையாது. எனக்கென்று ஊரில் இருந்தது, இவன் குடிக்க மாட்டான் என்கிற அந்த ஒரு பெயர்தான்.

மலருக்கு என்ன தோன்றியதோ, ஒரு டம்ளரில் சர்க்கரையைக் கரைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். வெயிலில் மயங்குகிறவர்களுக்குக் கொடுக்கிற பழக்கம். அப்போது எனக்குக் கொஞ்சம் நினைவு இருந்தது, கொடுத்தால் விழுங்கியிருப்பேன். மச்சான் டம்ளரைத் தட்டி விட்டார்.

"சக்கரக்காரனுக்குச் சக்கரத் தண்ணியா? நீயே கொன்னுடுவ போலருக்கே!"

சர்க்கரைத் தண்ணீர் வாசலில் கொட்டியது. எனக்கு வர வேண்டிய சர்க்கரையை எறும்பு தின்றது. அவர் எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்புப் போட்டு, என் தாடையைப் பிடித்து வாயில் ஊற்றினார். போதை தெளியவாம். அப்புறம், "தூங்கட்டும் வுடு, எழுந்தா தெளிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் எனக்கு வலிப்பு வந்தது. மலர் அதற்கு மேல் அண்ணனைக் கேட்கவில்லை. நூற்றியெட்டைக் கூப்பிட்டாள்.

ஆம்புலன்ஸ்காரர் வந்ததும் என் விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தார். மெஷினில் எண்ணே வரவில்லையாம். லோ என்று மட்டும் காட்டியதாம். சர்க்கரை எழுபதுக்குக் கீழே போகக் கூடாது. என்னுடையது அந்த மெஷினால் எண்ணிச் சொல்ல முடியாத அளவுக்குக் கீழே கிடந்தது. கை நரம்பில் ஊசி ஏற்றிக் குளுக்கோஸ் விட்டார். வண்டி போய்க்கொண்டிருக்கும்போதே கண் திறந்தேன். மலரின் முகத்தைப் பார்த்து, "பஸ் எங்க போவுது?" என்று கேட்டேனாம். அவள் அழுததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டரம்மா இருந்தார். என்ன மாத்திரை போடுகிறார் என்று கேட்டார். மலர் வரும்போதே அட்டைகளை முந்தானையில் முடிந்து கொண்டு வந்திருந்தாள். அந்தப் புத்தி எப்படி வந்தது என்று இன்றைக்கும் ஆச்சரியம்தான். டாக்டரம்மா பச்சை வெள்ளை அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"இத யார் எழுதிக் கொடுத்தா?"

"எங்கண்ணன் குடுத்தாருங்க."

"அவர் டாக்டரா?"

"இல்லீங்க. பெர்மனெண்டுங்க."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டார். பக்கத்தில் நின்ற நர்ஸம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். மலருக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே புரியவில்லை. குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த எனக்குப் புரிந்தது. சிரிப்பும் வந்தது, அவமானமாகவும் இருந்தது.

பிறகு டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். சர்க்கரை மாத்திரை எல்லாம் ஒன்றல்ல. எனக்குச் சுகாதார நிலையத்தில் கொடுத்த வெள்ளை மாத்திரை தனியாகப் போட்டால் சர்க்கரையை அதலபாதாளத்துக்குத் தள்ளுவது அபூர்வம். மச்சான் கொடுத்ததில் அதே மருந்தும் இருந்தது, கூடவே கிளிமிபிரைடு என்று வேறொன்றும் இருந்தது. வயிற்றுக்குள் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. சர்க்கரையை இறக்கும் இன்சுலின் அங்கேதான் சுரக்கிறது. இந்தக் கிளிமிபிரைடு கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே விடும்.

"நீங்க சாப்டீங்களா, தூங்குறீங்களான்னு அதுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு வேலை செய்யும். அதனாலதான் இத போட்டா உடனே சாப்பிடணும். சாப்பாடு இல்லன்னா அந்த வேளை மாத்திரையும் கிடையாது. ஷிப்ட் வேலைன்னா டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லணும். அதுக்குத் தகுந்த மாதிரி மாத்தி எழுதுவாங்க."

"அவருக்கு ஒண்ணும் ஆகலியேம்மா?" என்று கேட்டேன். அப்போதும் மச்சானுக்காகத்தான் வாதாடினேன் பாருங்கள்.

"அவர் உடம்பு வேற, உங்க உடம்பு வேற. உங்க கிட்னி கொஞ்சம் சோர்ந்திருக்கு, ரத்தத்துல உப்பு ஏறியிருக்கு. மருந்து சீக்கிரம் வெளிய போகாது. உள்ளயே இருந்து திரும்பத் திரும்ப இறக்கும். அதனால இப்ப வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்."

அவர் சொன்னது போலவே ஆயிற்று. சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து இட்லி தின்றேன். நன்றாகப் பேசினேன். வீட்டுக்குப் போகலாம் என்று அடம்பிடித்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே நெற்றியில் வியர்வை துளிர்த்தது. விரலில் குத்திப் பார்த்தால் மறுபடி இறங்கியிருக்கிறது. மறுபடி குளுக்கோஸ். இப்படியே ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. நர்ஸம்மாக்கள் வந்து வந்து குத்தியதில் என் பத்து விரலும் சல்லடையாகிவிட்டது. எனக்குத் தூங்கவே பயமாக இருந்தது. சுரங்கத்தில் எத்தனையோ ஆபத்தைப் பார்த்தவன் நான். ஆனால் அங்கே ஆபத்து வெளியிலிருந்து வரும், பார்த்து ஒதுங்கிக்கொள்ளலாம். இது நான் விழுங்கி உள்ளே அனுப்பியது. மலர் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, என் கால் கட்டை விரலைப் பிடித்தபடியே இருப்பாள். வியர்வையில் கால் சில்லென்று ஆனால் அவளுக்குத் தெரிந்துவிடும். நர்ஸம்மாவுக்கு முன்னால் அவள் எழுந்துவிடுவாள்.

பக்கத்துக் கட்டிலில் சேத்தியாத்தோப்புப் பக்கத்து விவசாயி ஒருவர். காலில் சர்க்கரைப் புண், கட்டுப் போட்டிருந்தது. நல்ல மனிதர், ஆனால் வார்டில் யார் மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டாலும் விடாமல் கேட்டு வாங்கித் தலையணைக்குக் கீழே சேர்த்தார். எதற்கு என்று கேட்டேன்.

"கயித்துல கோத்து வயல்ல கட்டிட்டம்னா வெயில்ல மின்னுங்க. ஒரு குருவி அண்டாது."

அதை அப்போது சும்மா கேட்டு வைத்துக்கொண்டேன்.

மச்சான் ஆப்பிளும் சாத்துக்குடியுமாக வந்தார். வார்டுக்குள் நுழையும்போதே, "மாத்திரை போட்டாச்சா மாப்ள?" என்றார். மலர் எழுந்து நின்றாள்.

"அந்த மாத்திரைதாண்ணே இவ்ளோத்துக்கும் காரணம். டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"டாக்டருங்க அப்பிடித்தாம்மா சொல்லுவாங்க. நானும் வருசக்கணக்கா அதத்தான் முழுங்கிகினு இருக்கறன். எனக்கு என்னா ஆச்சு?"

அதோடு போயிருந்தால்கூட நான் விட்டிருப்பேன். போகும்போது பக்கத்துக் கட்டில்காரர் அவரிடம், உங்க மாப்பிள்ளைக்கு என்னங்க என்று கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் தூங்குவதாக மச்சான் நினைத்திருப்பார். இடது கையை மடக்கிக் கட்டை விரலை வாயருகில் கொண்டுபோய்ச் சாய்த்துக் காட்டினார். "கொஞ்சம் ஜாஸ்தியாப் பூட்ச்சி" என்று சிரித்தார்.

நான் அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டை விரலைச் சாகிற வரை மறக்க மாட்டேன். தெரியாமல் மாத்திரை கொடுத்தார், சரி. தெரியாமல் டம்ளரைத் தட்டினார், அதுவும் போகட்டும். எல்லாம் தெரிந்த பிறகு அந்தக் கட்டை விரல் எதற்கு? தான் தப்பு செய்யவில்லை என்று காட்டிக்கொள்ள என்னைக் குடிகாரனாக்க வேண்டுமா? இவரை விடக் கூடாது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே முடிவு செய்தேன். சொன்னால் நம்புங்கள், அந்த நினைப்பு வந்த பிறகுதான் உடம்பு தேற ஆரம்பித்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா வெள்ளை மாத்திரையை மட்டும் அளவு குறைத்து எழுதிக் கொடுத்தார். இரத்தத்தில் அந்தக் கிட்னி உப்பு எந்த அளவில் இருக்கிறது என்று அடிக்கடி வந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார். மலரைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். வியர்வை, நடுக்கம், அகோரப் பசி, குழறல், காரணமில்லாத கோபம், இதில் எது வந்தாலும் முதலில் சர்க்கரையோ குளுக்கோஸோ கொடு. கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடி கொடு. தெளிந்ததும் சாப்பாடு கொடு. நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாதே, நுரையீரலுக்குள் போய்விடும், ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடு. இந்த மாதிரி மாத்திரையால் வந்தது என்றால் தெளிந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துவிடு. மலர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, அன்றிலிருந்து என் எல்லாச் சட்டைப் பையிலும் சர்க்கரைப் பொட்டலம் வைத்துத் துவைக்கும்போதெல்லாம் எடுக்க மறந்து சட்டையைப் பிசுபிசுப்பாக்குகிறாள்.

வேலைக்குப் போனால் கேட் பாஸ் இல்லை. கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தண்ணி போட்டுட்டு வுழுற ஆள பெல்ட் கிட்ட வுட முடியாதுய்யா. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

"நான் குடிக்கலீங்க. லோ சுகர். இதோ ஆஸ்பத்திரி சீட்டு."

"இங்கிலீஷ்ல என்னா வேணா எழுதுவாங்க. ஒம் மச்சானே சொன்னாரு. பெர்மனெண்ட் ஆளு, பொய் சொல்லுவாரா?"

நேராகக் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். மச்சான் வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள் மச்சான், நான் குடிக்கவில்லை என்று சொன்னால் போதும் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"அந்தப் பேச்ச வுடுங்க மாப்ள. யாருதான் குடிக்கல? நாலு நாள் போனா மறந்துடுவாங்க. நான் பாத்துகினு வேற எடத்துல சொல்றேன்."

மன்னித்துவிட்டேன் என்கிற தோரணையில் பேசினார். யார் யாரை மன்னிப்பது? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சைக்கிளை மிதித்துக்கொண்டே வாய்விட்டுத் திட்டினேன். என் பெயர் போனது அவர் வாயால். அவர் வாயால்தான் அது திரும்ப வர வேண்டும், அதுவும் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி.

மாதக் கடைசியில் அவருக்கு ரிட்டயர்மெண்ட். எங்கள் பக்கத்தில் செண்ட்ஆஃப் என்றால் கல்யாணம் மாதிரி. மண்டபம், மைக், மாலை, சாப்பாடு, ஜீப்பில் ஊர்வலமாக வீடு வரை. தங்கை வீட்டுக்காரன் மாலை போடாமல் செண்ட்ஆஃப் முடியாது. அந்த மரியாதை என்னுடையது. அதை யாரும் பிடுங்க முடியாது.

வேலை இல்லாததால் எனக்கு நேரம் நிறைய இருந்தது. அவர் மாத்திரை கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் போனேன். எல்லோருக்கும் என் கதையைச் சொன்னேன். வடலூரில் அவர் பெரியம்மா மகள் ஒருத்தி இருக்கிறாள். மாதாமாதம் பூச நாளில் விரதம். சாப்பிடாமல் இதே பச்சை வெள்ளை மாத்திரையை முழுங்கிவிட்டு ஜோதி தரிசனத்துக்குச் சபைக்குப் போய் நிற்பாளாம். போன மாதம் கண் இருட்டிக்கொண்டு வந்ததை அருள் என்று நினைத்திருக்கிறாள்.

"அருள் இல்ல அக்கா, கிளிமிபிரைடு" என்றேன்.

அவள் கையில் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையும் இருந்தது. அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், இரண்டையும் டாக்டரிடம் காட்டி அவர் சொல்வதைச் செய்யுங்கள், மச்சான் கொடுத்த அட்டையை மட்டும் பிறகு என்னிடம் கொடுங்கள் என்றேன். எல்லா வீட்டிலும் இதையேதான் சொன்னேன். நல்லவன் என்று பெயர் வாங்கப் போகவில்லை. எனக்கு அட்டை வேண்டியிருந்தது. பாதி தீர்ந்தது, முழுசாகத் தீர்ந்தது, தேதி முடிந்தது எல்லாம் பை நிறையச் சேர்ந்தது.

மலருக்கு விஷயம் தெரிந்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"எங்கண்ணன சபைல அசிங்கப்படுத்தணுமா?"

"என்ன ஊரெல்லாம் அசிங்கப்படுத்துனாரே, அது?"

அடுப்படிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, நூல்கண்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டம்ளரத் தட்டி வுட்டுச்சே, அதான் என் கண்ணுலயே நிக்கிது" என்றாள். நான் அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். மல்லிகைக்குப் போடுகிற அதே முடிச்சு. அவள் கட்டிய மாலைகளிலேயே அதுதான் நேர்த்தியானது என்று நினைக்கிறேன்.

செண்ட்ஆஃப் அன்றைக்கு மண்டபம் நிரம்பியிருந்தது. இரண்டாவது வரிசையில் எங்கள் சூப்பர்வைசர். மச்சான் பட்டுச் சட்டையில் மேடையில் நின்றார். ஒவ்வொருவராக மாலை போட, போட்ட கையோடு கழற்றி நாற்காலியில் குவித்தார்கள். மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள். துணிப்பையோடு மேடையேறினேன். நான் குள்ளம். அவர் தலையைக் குனிந்து கொடுத்தார். மாலையைப் போட்டேன்.

"வெள்ளி மாலைடா!" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். கைதட்டினார்கள். விளக்கு வெளிச்சத்தில் அப்படி மின்னியது. பிறகு முன்வரிசைக்கு அது என்னவென்று தெரிந்தது. கைதட்டல் அங்கங்கே அறுந்து நின்றது. மச்சான் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். கை கழற்றப் போனது.

"கழட்டாதீங்க மச்சான்" என்றேன். மைக்கை வாங்கிக்கொண்டேன். "இத நான் வாங்கல. நம்ம சொந்தக்காரங்க எல்லாரும் குடுத்தனுப்புனது. எல்லாம் மச்சான் கையால குடுத்த மாத்திரை. நான் அன்னிக்கி எதனால வுழுந்தன்னு மச்சானே சொல்லட்டும். சொல்ற வரைக்கும் நான் கீழ எறங்க மாட்டேன்."

மைக்கை அவர் கையில் கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சலும் இருந்தது, கொலைவெறியும் இருந்தது. எனக்கு இரண்டுமே இனித்தது. சிரித்து மழுப்பிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அப்போது பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்து நின்றாள். மலர். அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மச்சானின் தோள் இறங்கிவிட்டது.

"எங்க மாப்ள அன்னிக்கிக் குடிக்கல" என்றார். மைக் கிறீச்சிட்டது. மறுபடி சொன்னார். "குடிக்கல. வாயில வாடையே இல்ல. நாந்தான் மோந்து பாத்தேன். நான் குடுத்த மாத்திரையாலதான் வுழுந்தாரு. எந்தங்கச்சி சக்கரத் தண்ணி எடுத்தாந்தா. நாந்தான் தட்டி வுட்டேன்."

சூப்பர்வைசர் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். மறுநாள் பாஸ் வந்துவிட்டது. நான் மேடையிலிருந்து இறங்கினேன். மாலையைக் கழற்றச் சொல்லி நானும் சொல்லவில்லை, வேறு யாருக்கும் சொல்லத் தைரியம் வரவில்லை.

பந்தி போட்டார்கள். மலர் என் வெள்ளை மாத்திரையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள், சாப்பிட்ட பிறகு போட. இலைக்கு முன்னால் ஒரு நிழல் விழுந்தது. மச்சான். மாலை இன்னும் கழுத்தில் இருந்தது. நடந்தால் சலசலவென்று சத்தம்.

"சாப்டீங்களா மாப்ள?" என்றார்.

அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வியை நான் முதல் தடவையாகக் கேட்டேன். பக்கத்து இலைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மச்சான் கண் கலங்கியிருந்தது. இந்த இடத்தில் எழுந்து கட்டிப் பிடித்துக்கொண்டேன் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

"இன்னும் இல்ல மச்சான். நீங்களே போடுங்க."

வாளியை வாங்கிக்கொண்டு வந்து பரிமாறினார். சோறு கொஞ்சமாகப் போதும் என்றேன். பொரியல் கேட்டேன். கொண்டு வந்தார். தின்றுவிட்டு மறுபடி பொரியல் கேட்டேன். அடுப்படி மண்டபத்தின் அந்தக் கோடியில் இருந்தது. அவர் போய் வரும் வழியெல்லாம் மாலை சலசலத்தது. மூன்றாவது தடவை எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. மலர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

இருந்தாலும் கேட்டேன்.